வளையம் கோத்த பாலிமர்கள்

முன்னுரை

அணுக்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைகின்றன என்று வினவினால், வேதியியல் பயிலும் மாணவர் எவரும் தயங்காமல் விடை கூறுவர். எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கினால் அயனிப் பிணைப்பு; பங்கிட்டுக் கொண்டால் சகப்பிணைப்பு; இரு எலக்ட்ரான்களையும் ஒரே அணு வழங்கினால் ஈதல் சகப்பிணைப்பு. இவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பையும் வாண்டர் வால்ஸ் கவர்ச்சியையும் சேர்த்துக் கொண்டால் பட்டியல் முடிந்துவிட்டதாகவே எண்ணுகிறோம். ஆனால், இவற்றுள் எதிலும் அடங்காத இணைப்பு ஒன்றும் உண்டு.

கழுத்தில் அணியும் பொற்சங்கிலியை நோக்குக. அதன் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே ஒட்டு ஏதும் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் தனி வளையமே. ஆயினும், ஒன்றை அறுக்காமல் மற்றதைப் பிரித்தெடுக்க இயலாது. இத்தகைய இணைப்பை மூலக்கூறுகளுக்கிடையேயும் உண்டாக்க முடியும். அதற்கு எந்திரவியல் பிணைப்பு என்று பெயர். இப்பிணைப்பினால் ஆன பெரு மூலக்கூறுகளே வளையம் கோத்த பாலிமர்கள். இவற்றை எவ்வாறு ஆக்குகின்றனர், அவ்வாக்கத்தில் அடிப்படை அலகின் வடிவமைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வகைக் கோப்பு

எந்திரவியல் பிணைப்பு கொண்ட மூலக்கூறுகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வளையங்கள் சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றினுள் ஒன்று கோக்கப்பட்டிருந்தால் அது கேட்டினேன். இலத்தீனில் 'கேட்டினா' என்பது சங்கிலியைக் குறிக்கும். ஓர் அச்சின் மீது வளையம் செருகப்பட்டு, அச்சின் இரு முனைகளிலும் வளையம் கழன்று விடாதபடி பருத்த தொகுதிகள் அமைந்திருந்தால் அது ரோட்டாக்சேன். இப்பெயர் சக்கரத்தையும் அச்சையும் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. பருத்த முனைத் தொகுதிகளை நாம் தடுப்பான்கள் என்று அழைப்போம்.

நூற்றுக்கணக்கான வளையங்கள் ஒரே நீண்ட பாலிமர் இழையில் மணிகளாகக் கோக்கப்பட்டால் அது பாலிரோட்டாக்சேன். வளையங்களே தொடர்ந்து கோக்கப்பட்டு நீண்டால் அது பாலிகேட்டினேன். முன்னது மணிமாலை, பின்னது சங்கிலி. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

தற்செயலை நம்பிய காலம்

முதல் கேட்டினேனை 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எடெல் வாசர்மன் ஆக்கிக் காட்டினார். அவர் கையாண்ட முறை எளியது. 34 கார்பன் அணுக்கள் கொண்ட வளைய ஹைட்ரோகார்பன் ஒன்றை எடுத்து, அதில் டியூட்டீரியத்தை அடையாளமாகப் புகுத்தினார். அவ்வளையங்கள் நிறைந்த கரைசலில், 34 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட டைஎஸ்டரை அசைலாயின் வினையின் மூலம் வளையமாக மூடச் செய்தார். மூடும் வேளையில் சில இழைகளேனும் தற்செயலாக மற்றொரு வளையத்தினுள் நுழைந்திருக்கும் அல்லவா? அவை மட்டுமே கேட்டினேனாக மாறும். கிடைத்த பொருளின் அளவு ஒரு சதவீதத்தினும் குறைவு. புதிதாக உண்டான வளையத்தை வேதிமுறையில் அறுத்தபோது டியூட்டீரிய வளையம் விடுபட்டு வெளிவந்தது. இரு வளையங்களும் சகப்பிணைப்பால் இணைந்தவை அல்ல, கோக்கப்பட்டவையே என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

1967இல் ஹாரிசன் இணையர் ரோட்டாக்சேனை இதே போன்ற வழியில் பெற்றனர். வளையத்தை ஒரு ரெசினின் மீது பிணைத்து வைத்து, அச்சாக அமையும் பொருளையும் தடுப்பான்களையும் அதன் மீது மீண்டும் மீண்டும் செலுத்தினர். இவ்வாறு 70 முறை செய்த பின்னரும் கிடைத்தது 6 சதவீதமே.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த அறிஞர்களின் செய்முறைத் திறனில் குறை ஏதும் இல்லை. வளையம் இழையைத் தேடிச் செல்வதற்கோ, இழை வளையத்தினுள் தங்கி நிற்பதற்கோ எந்தக் காரணமும் அம்மூலக்கூறுகளில் அமைந்திருக்கவில்லை, அதுவே குறை. ஹைட்ரோகார்பன் வளையத்திற்குத் தன்னுள் நுழையும் இழையும் ஒன்றே, வெளியே செல்லும் இழையும் ஒன்றே. மேலும், கட்டின்றி அலையும் நெடிய இழை ஒரு வளையத்தினுள் அடங்கி நின்றால் அதன் என்ட்ரோபி குறைகிறது. அந்த இழப்பை ஈடு செய்யும் கவர்ச்சி ஏதும் இல்லாதபோது கோப்பு அரிதாகவே நிகழும்.

செம்பு அயனி காட்டிய வழி

1983ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ழான்-பியர் சாவேஜும் அவருடைய குழுவினரும் இத்தடையை உடைத்தனர். அவர்கள் எடுத்துக் கொண்ட அலகு பினாந்த்ரோலின். இது இரு நைட்ரஜன் அணுக்களால் உலோக அயனியைப் பற்றும் ஈந்தணைவி என்பதை அணைவுச் சேர்மங்களைப் பயின்றோர் அறிவர். ஒற்றை நேர்மின் சுமை கொண்ட செம்பு அயனி நான்கு நைட்ரஜன்களை நான்முகி வடிவில் தன்னைச் சுற்றி அமைத்துக் கொள்ள விரும்பும். எனவே, பினாந்த்ரோலினை உள்நோக்கி அமைத்த வளையம் ஒன்றையும், பினாந்த்ரோலினைக் கொண்ட பிறை வடிவ இழை ஒன்றையும் செம்பு அயனியுடன் கலந்தால், அயனி இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பற்றுகிறது. இழை வளையத்தினுள் நுழைந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பிறகு இழையின் இரு பினால் முனைகளையும், நாம் நன்கறிந்த வில்லியம்சன் ஈதர் தொகுப்பு முறையில் மூடினால் இரண்டாம் வளையம் உருவாகிறது. இறுதியில் பொட்டாசியம் சயனைடைச் சேர்த்துச் செம்பை அகற்றிவிட்டால் எஞ்சுவது கேட்டினேன். இம்முறையில் விளைச்சல் 42 சதவீதமாக உயர்ந்தது.

பொற்கொல்லர் சங்கிலி செய்யும் முறையை இதனோடு ஒப்பிடலாம். கம்பியை வளைத்துத் திறந்த கண்ணியாக்கி, முன் கண்ணியில் மாட்டி, குறட்டால் பிடித்துக் கொண்டு, பிறகே பொடி வைத்து ஊதுவார். செம்பு அயனி இங்கே குறட்டின் வேலையைச் செய்கிறது. வேலை முடிந்ததும் குறடு எடுக்கப்பட்டு விடுகிறது. இவ்வாறு துணை நின்று விலகும் அயனியை அச்சு வார்ப்பு அயனி எனலாம்.

சாவேஜின் வழியைப் பின்பற்றிப் பிற கவர்ச்சிகளும் பயன்படுத்தப்பட்டன. பிரேசர் ஸ்டோடார்ட் எலக்ட்ரான் குறைந்த வளையத்தையும் எலக்ட்ரான் மிகுந்த அச்சையும் இணைத்து, 1991இல் அச்சின் மீது இங்குமங்கும் ஓடும் வளையத்தை ஆக்கினார். 1994இல் ஒலிம்பிக் சின்னத்தைப் போல ஐந்து வளையங்கள் கோத்த மூலக்கூறையும் அவர் குழு உருவாக்கியது. சாவேஜ், ஸ்டோடார்ட், பென் பெரிங்கா ஆகிய மூவருக்கும் 2016ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அளவின் நுண்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். பெடர்சன் 1967இல் அறிவித்த கிரௌன் ஈதர்கள், இரண்டாம் நிலை அம்மோனியம் அயனி கொண்ட இழையை ஹைட்ரஜன் பிணைப்புகளால் தம்முள் ஏற்கின்றன. வளையத்தில் 24 அணுக்கள் இருந்தால் இழையின் முனையிலுள்ள பென்சீன் வளையம் அதனுள் நுழைந்து வெளியேறி விடும். 21 அணுக்களே இருந்தாலோ அதே பென்சீன் வளையம் கடக்க முடியாத தடுப்பானாகி விடும். மூன்று அணுக்களின் வேறுபாடு வழியைக் கதவாக மாற்றி விடுகிறது.

இரண்டிலிருந்து பலவற்றிற்கு

இரு வளையங்களைக் கோப்பதில் 42 சதவீதம் என்பது பெரும் வெற்றி. ஆனால் பாலிமர் ஆக்க அது போதுமா? நைலானைத் தந்த வாலஸ் கரோதர்ஸ் வகுத்த சமன்பாட்டை நினைவுகூர்வோம். படிநிலை வளர்ச்சியில் வினைபுரிந்த தொகுதிகளின் பின்னம் 'ப' எனின், சங்கிலியின் சராசரி நீளம் ஒன்றை (1 - ப) ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இணைப்புகள் நிறைவேறினால் சராசரி நீளம் 100 அலகுகள். தொண்ணூறு நிறைவேறினால் 10 அலகுகளே. நாற்பத்திரண்டு மட்டும் நிறைவேறினால் 1.72 அலகுகள், அதாவது சங்கிலி இரண்டு கண்ணிகளைக் கூட எட்டுவதில்லை!

இக்கணக்கு வளையம் கோத்த பாலிமர்களின் உண்மையான இடர்ப்பாட்டைத் தெளிவாக்குகிறது. சிறு மூலக்கூறில் தவறிய கோப்பைப் பிரித்து ஒதுக்கிவிடலாம். பாலிமரில் தவறிய கோப்பு சங்கிலியை அங்கேயே முடித்து விடுகிறது. எனவே, தவறே நிகழாதபடி அலகை அமைக்க வேண்டும்; அல்லது நிகழ்ந்த தவறு தானே திருந்தும்படி அமைக்க வேண்டும். இதற்கு இதுவரை வெற்றி தந்த வழிகளுள் மூன்றைக் காண்போம்.

மூலக்கூறு மணிமாலை

முதல் வழி, ஆயத்தமான பாலிமர் இழையில் ஆயத்தமான வளையங்களைக் கோப்பதாகும். ஜப்பானின் ஒசாகா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அகிரா ஹரடா இதனைச் செய்தார். அவர் எடுத்த வளையம் சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சிலிருந்து நொதியின் உதவியால் பெறப்படும் இப்பொருள் குளுக்கோஸ் அலகுகளால் ஆன வளையம். ஆல்பா வகையில் ஆறு குளுக்கோஸ், பீட்டா வகையில் ஏழு, காமா வகையில் எட்டு. வளையத்தின் வெளிப்புறம் நீரை விரும்பும். உட்புறம் நீரை வெறுக்கும்.

ஆல்பா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் நீர்க்கரைசலில் பாலிஎதிலீன் கிளைக்காலைச் சேர்த்தால் கரைசல் கலங்கி, வெண்ணிறப் படிகப் பொடி வீழ்படிவாகிறது. வளையங்கள் தாமாகவே இழையின் மீது ஏறிக் கொள்வதே காரணம். அதே ஆல்பா வளையம் பாலிபுரோப்பிலீன் கிளைக்காலை ஏற்பதில்லை. இழையில் துருத்தி நிற்கும் மெத்தில் தொகுதி, ஏறத்தாழ 4.5 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே உள்ள துளையில் நுழைய முடிவதில்லை. ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம் துளை கொண்ட பீட்டா வளையம் அதனை ஏற்கிறது. ஆனால் பீட்டா வளையம் மெலிந்த பாலிஎதிலீன் கிளைக்காலைக் கைவிடுகிறது. தொளதொளத்த துளையில் இழையைப் பற்றுவதற்குப் போதிய நெருக்கம் இல்லை. வளையமும் இழையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற் போல் பொருந்த வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சோதனை இல்லை.

ஒரு வளையத்தின் ஆழமும் இரு எதிலீன் கிளைக்கால் அலகுகளின் நீளமும் ஏறத்தாழச் சமம். எனவே, இரு அலகுகளுக்கு ஒரு வளையம் என்ற விகிதத்தில் இழை முழுவதும் நிரம்புகிறது. அடுத்தடுத்த வளையங்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று தாங்குகின்றன. இனி வளையங்கள் கழன்று விடாமல் முனைகளை அடைக்க வேண்டும். அமீன் முனைகள் கொண்ட இழையை எடுத்து, 2,4-டைநைட்ரோபுளூரோபென்சீனை வினைபுரியச் செய்தார் ஹரடா. இன்சுலினின் அமினோ அமில வரிசையை அறிய சாங்கர் பயன்படுத்திய அதே வினைபொருள்தான் இங்கே மாலையின் முடிச்சாக அமைந்தது. 1992ஆம் ஆண்டில் இம்மூலக்கூறு மணிமாலை வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது.

நகரும் முடிச்சுகள்

நிறைய வளையங்கள் ஏறினால் நல்ல பாலிமர் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. வளையங்கள் நெருங்கி நிறைந்த மாலை கோல் போல விறைத்து விடுகிறது, நீரிலும் கரைவதில்லை. 2001ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக் கழகத்தின் ஒகுமுராவும் இட்டோவும் வளையங்களை வேண்டுமென்றே குறைத்துக் கோத்தனர். பின்னர் வெவ்வேறு இழைகளிலுள்ள வளையங்களைச் சயனூரிக் குளோரைடால் இரண்டிரண்டாக இணைத்தனர். எட்டு என்னும் எண்ணின் வடிவில் அமைந்த இந்த இரட்டை வளையங்கள், தம்முள் ஓடும் இரு இழைகளையும் பிணைக்கின்றன; ஆனால் எந்த இழையிலும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை.

கந்தகத்தால் இறுக்கப்பட்ட இரப்பரில் குறுக்குப் பிணைப்புகள் நிலையானவை. இழுக்கும்போது இரு பிணைப்புகளுக்கு இடையே குட்டையாக உள்ள இழையே முதலில் முழு இழுவிசையையும் தாங்கி அறுகிறது. நகரும் வளையங்கள் கொண்ட கூழ்மப் பொருளிலோ, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போல் இழை வளையத்தினுள் ஓடி, விசையைப் பகிர்ந்து கொள்கிறது. ஆகவே அது பெரிதும் நீள்கிறது, விட்டதும் மீள்கிறது. கீறல் படாத மேற்பூச்சுகளுக்கு இத்தகைய பாலிமர் பயன்பட்டு வருகிறது.

2017இல் கொரிய ஆய்வாளர்கள் இதனை லித்தியம் மின்கலத்திற்குக் கொண்டு சென்றனர். சிலிக்கான் எதிர்மின்முனை லித்தியத்தை ஏற்கும்போது பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகி, மின்னிறக்கத்தில் சுருங்குகிறது. இந்த வீக்கமும் சுருக்கமும் சிலிக்கான் துகள்களைப் பொடித்து விடும். பிணைக்கும் பசையான பாலிஅக்ரிலிக் அமிலத்தில் 5 சதவீதம் பாலிரோட்டாக்சேனைச் சேர்த்தபோது, நகரும் வளையங்கள் அழுத்தத்தைத் தாங்க, பொடிந்த துகள்களும் சிதறாமல் ஒன்றாகவே நின்றன.

சங்கிலி கைகூடிய கதை

இரண்டாம் வழி பாலிகேட்டினேன். மாலையில் இழை என்னும் ஆதாரம் உண்டு. சங்கிலியில் அதுவும் இல்லை. ஆகவேதான் 1960க்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் இது எட்டாக் கனியாகவே இருந்தது. 2017இல் சிகாகோ பல்கலைக் கழகத்தின் ஸ்டூவர்ட் ரோவன் குழுவினர் இதனை நிறைவேற்றினர். அவர்களுடைய அலகின் அமைப்பை நுணுகி நோக்குதல் தகும்.

அவர்கள் இரு அலகுகளை எடுத்தனர். ஒன்று, முன்னரே மூடிய வளையம். அதில் மூன்று நைட்ரஜன்களால் பற்றும் ஈந்தணைவிகள் இரண்டு உண்டு. மற்றொன்று, திறந்த இழை. அதிலும் அத்தகைய ஈந்தணைவிகள் இரண்டும், முனைகளில் இரட்டைப் பிணைப்புகளும் உண்டு. துத்தநாக அயனி இரு ஈந்தணைவிகளை ஒருங்கே பற்றும். இரு மூடிய வளையங்கள் ஒன்றினுள் ஒன்று புக முடியாது. ஆதலால் வளையத்தின் ஈந்தணைவிக்கு இழையின் ஈந்தணைவியே துணையாக முடியும். இழையும் இழையும் தமக்குள் சேர்ந்து கொண்டால் வளையங்கள் துணையின்றி நிற்கும். ஆற்றல் நோக்கில் அது நட்டம். எனவே வளையம், இழை, வளையம், இழை என்ற ஒழுங்கில் நீண்ட கோவை தானாகவே உருவாகிறது. உலோகப் பிணைப்பு மீள்தன்மை உடையது. தவறாகச் சேர்ந்தவை பிரிந்து மீண்டும் சரியாகச் சேர வாய்ப்புண்டு. முன்பு கரோதர்ஸ் கணக்கில் கண்ட இடர்ப்பாட்டிற்கு இதுவே விடை.

அடுத்து இழைகளை வளையங்களாக மூட வேண்டும். ஓர் இழையின் முனை மற்றோர் இழையின் முனையோடு சேர்ந்து விடாதிருக்கக் கரைசலை மிகவும் நீர்க்கச் செய்ய வேண்டும். ஆனால் நீர்க்கச் செய்தால் உலோகப் பிணைப்புகள் விடுபட்டுக் கோவை குலையக் கூடும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவது வலிமையாகப் பற்றும் ஈந்தணைவியே. இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றி இணைக்கும் மெட்டாதெசிஸ் வினையால் வளையங்கள் மூடப்பட்டுத் துத்தநாகம் அகற்றப்பட்டது. விளைச்சல் ஏறத்தாழ 75 சதவீதம். நேர்ச் சங்கிலிகளில் 7 முதல் 26 வளையங்கள் வரையிலும், கிளைத்த சங்கிலிகளில் 130 வளையங்கள் வரையிலும் இருந்தன. சில சங்கிலிகள் தாமே வட்டமாக மூடிக் கொண்டும் இருந்தன.

தசையும் நெசவும்

மூன்றாம் வழி, வளையத்தையும் இழையையும் ஒரே மூலக்கூறில் அமைப்பதாகும். ஒன்றன் இழை மற்றதன் வளையத்தில் புகும்; மற்றதன் இழை இதன் வளையத்தில் புகும். இழை நெகிழ்வாக இருந்தால் தன் வளையத்திலேயே நுழைந்து விடக் கூடும். ஆகவே இழை விறைப்பாக அமைய வேண்டும். 2000ஆம் ஆண்டில் சாவேஜ் குழுவினர் ஆக்கிய இத்தகைய மூலக்கூறு, செம்பை நீக்கித் துத்தநாகத்தைச் சேர்த்தபோது ஏறத்தாழக் கால் பங்கு சுருங்கிற்று. நம் தசை நார் சுருங்குவதை இது ஒத்திருந்தது. 2012இல் அதே ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜியூசெப்போன் குழுவினர், அமில காரத் தன்மைக்கேற்பச் சுருங்கி நீளும் இரட்டைகளை ஆயிரக்கணக்கில் தொடுத்துப் பாலிமராக்கினர். ஒவ்வொன்றிலும் நிகழும் நுண்ணிய அசைவு ஒன்றுகூடி, இழை முழுவதும் மைக்ரான் அளவில் சுருங்கி விரிந்தது.

ஒமர் யாகி 2016இல் பினாந்த்ரோலின் செம்பு அணைவையே குறுக்குச் சந்தியாகக் கொண்டு, கரிம இழைகளை முப்பரிமாணத்தில் நெய்தார். செம்பை அகற்றியதும் அப்படிகத்தின் மீள்தன்மை பத்து மடங்கு கூடியது. 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

2025இன் தொடக்கத்தில் அமெரிக்க நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்தின் வில்லியம் டிக்டெல் குழுவினர், தகடு போன்ற கோத்த பாலிமரை அறிவித்தனர். பெருக்கல் குறி வடிவ அலகுகளை முதலில் படிகமாக அடுக்கி வைத்து, பிறகு சிலிக்கான் சேர்மத்தால் முனைகளை இணைத்தனர். படிகத்தின் அடுக்கு முறையே கோப்பை உறுதி செய்கிறது. உலோகக் குறடும் தேவைப்படவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 இலட்சம் கோடி எந்திரவியல் பிணைப்புகள் உள்ளன என்கின்றனர். அல்டெம் என்னும் வலிய பிளாஸ்டிக்கில் இதனை 2.5 சதவீதம் கலந்தபோது அதன் விறைப்பு 45 சதவீதம் உயர்ந்தது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் நான்கு விதிகள் புலப்படும். முதலாவது, வளையமும் இழையும் ஒன்றையொன்று நாடுவதற்குரிய கவர்ச்சி அலகினுள்ளேயே அமைந்திருக்க வேண்டும். இரண்டாவது, துளையும் இழையும் தடுப்பானும் அளவில் பொருந்த வேண்டும். மூன்றாவது, கோக்கும் நிலை மீள்தன்மை உடையதாகவும், மூடும் நிலை மீளாததாகவும் இருத்தல் நன்று. முன்னதில் தவறு திருந்தும், பின்னதில் சரியானது நிலைக்கும். நான்காவது, எத்தனை வளையங்கள் என்பதைப் பயனே முடிவு செய்ய வேண்டும். நிறைதலே சிறப்பு என்பதில்லை.

வாசர்மனின் ஒரு சதவீதத்திற்கும் ரோவனின் எழுபத்தைந்து சதவீதத்திற்கும் இடையே 57 ஆண்டுகள் உள்ளன. இடையில் புதிய வினையூக்கிகளும் கருவிகளும் வந்தன என்பது உண்மையே. ஆயினும், அசைலாயின் வினையும் வில்லியம்சன் வினையும் சாங்கர் வினைபொருளும் நம் பாடநூல்களில் உள்ளவையே. வளையத்தை மூடும் வினை எதுவாயினும், மூடுமுன் மூலக்கூறுகள் எவ்வாறு அமர்ந்திருந்தன என்பதே விளைச்சலை முடிவு செய்தது. வினைக் குடுவையை அடுப்பில் ஏற்றுமுன் தாளில் அலகை வரைந்து, அதன் கோணத்தையும் துளையையும் கவர்ச்சியையும் எண்ணிப் பார்ப்பவரே இத்துறையில் முன்னேற முடியும். அந்தப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பந்தும் குச்சியும் கொண்ட மாதிரிப் பெட்டி ஒன்றும், கூர்ந்த சிந்தனையும் போதும். அவை நம் துறையிலும் உண்டு. மாணவ நண்பர்கள் முயல்வார்களாக.